ஓப்பனருக்கு ஓர் ஒப்பாரி

ஏன் தம்பியவை, ஆரும் மோசம் போட்டினமோ? இல்லையோ? பின்னை ஏன் நாலு பேரும் படலையடியிலை தலையிலை கை வைச்சுக்கொண்டு நிக்கிறியள்? ஓ, ஓப்பனர் போட்டானோ. எனக்கும் தெரியும். காலமை பத்து மணிக்கே பேத்தி ரெலிபோனைப் பாத்துச் சொன்னவள்: மூண்டாவது ஓவர், நாலு ஓட்டம், ஸ்லிப்பிலை பிடி. போன வருசமும் இதே கதை, முந்தின வருசமும் இதே கதை எண்டு சொல்லுறியள். நான் மறுக்கேல்லை. உள்ளுக்கு வாங்கோ. உந்த வாங்கிலை இருங்கோ. ஒரு கால் ஆடும், பயப்பிடாதேங்கோ. உங்கடை ஓப்பனரை விடக் கூட நேரம் நிண்டு பிடிக்கும்.

எந்தப் பள்ளிக்கூடத்து ஓப்பனர் எண்டு நான் வாய் திறக்க மாட்டன். யாழ்ப்பாணத்திலை சென்றலோ சென்ற் ஜோன்ஸோ எண்டு ஒரு பக்கம் சாயிறவன் நண்டு வித்துச் சீவிக்க ஏலாது. எனக்கு மூத்த மருமோன் ஒரு பக்கம், இளைய மருமோன் மற்றப் பக்கம். மார்ச் மாசம் வந்தால் ரெண்டு பேரும் ஒரே மேசையிலை இருந்து வாய் கிழியக் கத்துவினம். நான் நடுவிலை இருந்து ரெண்டு பேற்றை கோப்பையிலையும் கிடக்கிற பொரிச்ச மீனை எடுத்துப் போடுவன். நடுநிலைமை எண்டு உதைத்தான் நான் படிச்சது.

நீங்கள் ஏன் என்னட்டை வந்தியள் எண்டும் எனக்கு விளங்காமலில்லை. கோச்சுப் பொடியன் எனக்கு ஒருவழியிலை பேரன் முறை. கிழவன் ஒரு சொல்லுச் சொன்னால் கேப்பான் எண்டு ஆரோ உங்களுக்குச் சொல்லிப்போட்டாங்கள். நாளையிண்டைக்கு ரெண்டாவது இன்னிங்ஸ். உந்தப் பொடியனைத் தூக்கிக் கீழை போட்டு, வெளியிலை இருக்கிற மற்றவனை இறக்கவேணும். அதுதானே? சரி. பனங்கட்டியோடை பிளேன்ரீ வருகுது. குடிச்சுக்கொண்டு கதைப்பம்.

லண்டன் தம்பி, நீர் ஏன் அந்தரப்படுறீர்? மூண்டு நாள் மட்ச் பாக்கவெண்டு கடல் தாண்டி வந்த மனிசன், ஆறுதலா இரும். கட்டுநாயக்காவிலை இறங்கி ராராவாய் வான் பிடிச்சு வந்து, குளிக்கவும் இல்லாமல் மைதானத்துக்குப் போனனீராம். பாண்ட் அடிக்கத் துவங்கினவுடனை கையிரண்டையும் தூக்கிக்கொண்டு ஆடினதை இளையவள் கண்டிருக்கிறாள். பேந்து விக்கெற் விழுந்தவுடனை, "எங்கடை காலத்திலை" எண்டு துவங்கினீராம். தம்பி, உம்மடை காலம் எப்பிடி இருந்தது எண்டு தெரிஞ்ச ரெண்டு மூண்டு கிழடுகள் உங்கை பாசையூருக்கும் கொழும்புத்துறைக்கும் இடையிலை இன்னும் உயிரோடை திரியிறம். அதை மனசிலை வைச்சுக்கொண்டு கதையும். நீர் ரீமிலை இருந்தனீர், அது உண்மை. பன்னிரண்டாவது ஆள். தண்ணிப் போத்தல் கொண்டு போனனீர். குறை சொல்ல ஏலாது, ஒரு போத்தலும் விழேல்லை.

சிரிக்காதேங்கோ. உந்த மூண்டு பேற்றை கதையும் என்னட்டை இருக்கு.

இந்த மட்சைப் பற்றி முதலிலை ஒரு விசயம் சொல்லவேணும். சென்றலை 1816 இலை துவக்கினது மெதடிஸ்த மிசன். சென்ற் ஜோன்ஸை 1823 இலை துவக்கினது சி.எம்.எஸ். மிசன். அயலானை நேசி எண்டு சொல்லிக்குடுக்க வந்த ரெண்டு மிசனின்ரையும் பள்ளிக்கூடங்கள், 1904 ஆம் ஆண்டு தொடக்கம் அயலானைப் போல்ட் ஆக்கிக்கொண்டு நிக்குது. பேரும் வடக்கின் பெரும் சமர். மற்ற ஊர்ச்சனம் அந்தப் பேரைக் கேட்டுப் பயப்பிடும். எங்கடை சனம் பயப்பிடாது. மற்றச் சமர் எல்லாம் பாத்து முடிச்சுப்போட்டுத்தானே இதுக்கு வந்து குந்தியிருக்குது. மைதானத்துக்கு ஒரு பக்கம் கோட்டை, இன்னொரு பக்கம் நூலகம். யுத்தகாலத்திலை சில வருசம் மட்சே நடக்கேல்லை. அந்த வருசங்களிலை எந்த ஓப்பனரும் எங்களைத் தலைகுனிய வைக்கேல்லை. அதுதான் திறம் எண்டால் சொல்லுங்கோ.

இனி உங்கடை வழக்குக்கு வாறன். வங்கித் தம்பி, நீர்தான் பெரிய சத்தம். ஓப்பனரை மாத்தவேணும், கப்டனை மாத்தவேணும், கோச்சை மாத்தவேணும், ஏலுமெண்டால் அதிபரையும் மாத்தவேணும் எண்டு நிக்கிறீர். மாத்திறது நல்ல வைத்தியம்தான். எங்கடை நாடு அதைச் செய்து பாத்த நாடு.

2023 செப்ரெம்பர் 17, கொழும்பு, ஆசியக் கிண்ண இறுதியாட்டம். இந்தியாவோடை இலங்கை 50 ஓட்டத்துக்கு எல்லாரும் அவுட். சிராஜ் ஒரே ஓவரிலை நாலு பேரை அனுப்பினவன். இந்தியா 6.1 ஓவரிலை அடிச்சு முடிச்சுது. ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கறி அடுப்பிலை இருந்து இறங்கமுதல் கிண்ணம் குடுத்தாச்சு. சரி, போகட்டும். நவம்பர் 2, மும்பை, உலகக் கிண்ணம், திரும்பவும் இந்தியா. இந்தமுறை ரெண்டு ஓப்பனரும் தாங்கள் சந்திச்ச முதல் பந்திலையே அவுட். மொத்தம் 55. முன்னதுக்கு அஞ்சு ஓட்டம் கூட, முன்னேற்றம் இல்லையெண்டு சொல்ல ஏலாது.

அதுக்குப் பிறகுதான் மாத்திற வேலை துவங்கினது. நாலு நாளிலை விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெற் சபையைக் கலைச்சார். அடுத்தநாள் கோடு அந்தச் சபையைத் திருப்பி இருத்திச்சுது. பத்தாந் திகதி ஐ.சி.சி. இலங்கையையே இடைநிறுத்திச்சுது. மாசம் முடியமுதல் ஜனாதிபதி அமைச்சரைக் கலைச்சார். அடுத்த வருசத் துவக்கத்திலை இஞ்சை நடக்க இருந்த 19 வயசுக்குக் கீழ்ப்பட்டவையின்ரை உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போச்சு. 2024 செப்ரெம்பரிலை சனம் போய் வோட்டுப் போட்டு ஜனாதிபதியையும் மாத்திச்சுது. மாத்த இனி ஆள் இல்லை எண்டிற அளவுக்கு மாத்தியாச்சு. அந்த நவம்பர் டேர்பனிலை ரெஸ்ற் மட்ச். இலங்கை 42 ஓல் அவுட்.

நான் ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி. 50, 55, 42. வங்கியிலை வேலை செய்யிற ஆள் நீர், கூட்டிக் கழிச்சுப் பாரும்.

நாலு ஓட்டத்துக்கு இவ்வளவு துக்கம் கொண்டாடுறியள், ஒம்பது ஓட்டத்தின்ரை கதை தெரியுமோ? கொழும்பிலை றோயலும் சென்ற் தோமஸும் எங்கடையளுக்கு முன்னமே துவங்கினவை. 1885 ஆம் ஆண்டு மட்சிலை றோயல் முழு ரீமும் சேர்ந்து 9. பதினொரு பேருக்கு ஆளுக்கு ஒண்டு வீதம் கூட வரேல்லை. ரெண்டாம் நாள் மட்ச் நடக்கேல்லை. ஒரு பள்ளிக்கூடம் நாங்கள் வெண்டது எண்டு எழுதிவைச்சிருக்கு, மற்றது சமநிலை எண்டு எழுதிவைச்சிருக்கு. நூற்றி நாப்பது வருசமாச்சு, தகராறு இன்னும் தீரேல்லை. ஆனால் அண்டைக்கு ஓப்பனராப் போனவன் ஆரெண்டு அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவரிட்டைக் கேட்டுப் பாருங்கோ, நூறுக்கு ஒருத்தருக்கும் வாய் திறவாது. பள்ளிக்கூடமும் இடிஞ்சு விழேல்லை. பேந்து அங்கையிருந்து பிரதமர் வந்தினம், ஜனாதிபதிமார் வந்தினம். அது அந்த 9 ஓட்டத்துக்கு நாட்டுக்குக் கிடைச்ச தண்டனையோ எண்டு இடைக்கிடை யோசிக்கிறனான்.

உங்கடை நோய் இஞ்சை மட்டும் எண்டு நினையாதேங்கோ. மூத்தவளின்ரை மோன் அமெரிக்காவிலை, ரெக்சாஸிலை படிக்கிறான். போன வருசம் ஆவணியிலை ரெலிபோன் எடுத்து அழுறான். நான் சோதினையிலை கோட்டை விட்டிட்டான் எண்டு பயந்துபோனன். பாத்தால் குவாட்டர்பக் சரியில்லையாம்.

அதென்னடா சாமான் எண்டு கேட்டன். அங்கை ஃபுட்போல் எண்டால் கையாலை விளையாடுற விளையாட்டு. பந்து உருண்டையும் இல்லை. பதினொரு பேர் நிண்டாலும் ஒவ்வொரு முறையும் பந்து முதலிலை ஒருத்தன்ரை கைக்குத்தான் வரும். அவன்தான் குவாட்டர்பக். ரெண்டு மூண்டு செக்கனுக்குள்ளை ஆருக்கு எறியிறது எண்டு அவன் முடிவெடுக்க வேணும். அதுக்குள்ளை ஆளுக்கு ரெண்டரை அந்தர் நிறையிலை நாலைஞ்சு பேர் அவனுக்கு மேலை விழ வருவினம். எறிஞ்சது பிடிபட்டால் பிடிச்சவனுக்குக் கைதட்டு. பிடிபடாட்டில் எறிஞ்சவனுக்குப் பேச்சு. இதைப் பாக்க வாற சனம் கொஞ்சநஞ்சமில்லை. மிசிக்கன் பல்கலைக்கழகத்து மைதானத்திலை மட்டும் 1,07,601 பேர் இருக்கலாமாம். யாழ்ப்பாண ரவுண் சனம் முழுக்கக் கொண்டுபோய் இருத்தினாலும் பின்வரிசை காலியாக் கிடக்கும்.

ரெக்சாஸ் குவாட்டர்பக்கின்ரை பேர் ஆர்ச் மனிங். பேரனார் ஆர்ச்சி மனிங் பேர்போன குவாட்டர்பக். சித்தப்பன்மார் பேய்ற்றனும் ஈலாயும் குவாட்டர்பக். நாட்டிலை பெரிய கிண்ணத்தை ஆளுக்கு ரெண்டு தரம் எடுத்தவை. எங்கடை ஆக்கள் சம்பந்தம் பேசப் போனால் விசாரிக்கிற எல்லாம் அந்தப் பொடியனிட்டை இருக்கு. 2025 இலை விளையாட்டுத் துவங்கமுதலே ரெக்சாஸ்தான் நாட்டிலை முதலாம் இடம் எண்டு பட்டியலும் போட்டாச்சு. ஓகஸ்ற் 30 முதல் மட்ச். ஒஹையோ ஸ்ரேற்றிட்டை 14க்கு 7 எண்டு தோல்வி. அண்டிரவே என்ரை பேரன் உட்பட எல்லாருக்கும் ஞானம் வந்திட்டுது. பொடியன்ரை கை சரியில்லை, கால் சரியில்லை, பரம்பரை சரி ஆனால் இவன் சரியில்லை. இருப்பிலை இருக்கிறவனை இறக்கவேணும்.

ஏன் எப்பவும் இருப்பிலை இருக்கிறவனிலை இவ்வளவு பட்சம் எண்டு நான் யோசிச்சுப் பாத்தனான். வெளியிலை இருக்கிறவன் இண்டைவரைக்கும் ஒருக்காலும் அவுட் ஆகேல்லை. அதைவிட என்ன தகுதி வேணும்?

அங்கை ஒரு ஞாயமாவது இருக்கு. பெடியளுக்கு விளம்பரக் காசு வருகுது. போன வருசம் ஆடி மாசம் தொடக்கம் பல்கலைக்கழகமே நேரை காசு குடுக்கலாம் எண்டு கோட்டிலை முடிஞ்சிருக்குதாம். சரிவராட்டில் அடுத்த வருசம் பள்ளிக்கூடம் மாறிப் போகலாம். காசு வாங்கிறவனைப் பேசலாம், கேக்கலாம். உங்கடை ஓப்பனருக்கு என்ன குடுக்கிறியள்? மத்தியானம் ஒரு சோத்துப் பார்சல், ஒரு நெக்டோ சோடா. அதையும் அவன் நாலு ஓட்டத்தோடை வந்ததாலை எல்லாருக்கும் கடைசியாத்தான் எடுத்திருப்பான்.

போன வருச மட்சுக்கு நானும் போய் கூடாரத்துக்குப் பக்கத்திலை கயித்தடியிலை இருந்தனான். அவன் அவுட் ஆகி நடந்து வாறான். நீங்கள் எல்லாரும் ஸ்கோர் போட்டைப் பாத்துக் கத்திக்கொண்டு நிண்டியள். நான் பொடியனைத்தான் பாத்தன். ஹெல்மெற்றைக் கழட்டிக் கக்கத்துக்குள்ளை வைச்சிருந்தான். ஒரு கையுறையைப் பல்லாலை கடிச்சு இழுத்தான். இடக்கால் பாட்டின்ரை கீழ்ப் பட்டி கழண்டு நிலத்திலை இழுபட்டது. கயிறுக்கு நாலடி முன்னாலை குனிஞ்சு அந்தப் பட்டியைக் கொழுவத் துவங்கினான். இன்னும் பத்தடி நடந்தால் கழட்டி எறியப்போற பாட், அதை ஏன் கொழுவுறான்? கொழுவினான், பேந்து கழட்டினான், திரும்பக் கொழுவினான். நிமிர்ந்தால் கூடாரத்தைப் பாக்கவேணும், கூடாரத்திலை நீங்கள் நிக்கிறியள். அந்தப் பட்டியோடை அவன் பட்டபாடு பிச்சிலை நிண்டதிலும் கூட நேரம்.

அவனுக்குப் பதினேழு வயசு. வங்கித் தம்பி, பதினேழு வயசிலை நீர் என்ன செய்துகொண்டிருந்தனீர் எண்டு உம்மடை கொய்யாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டன். உந்தப் பிளேன்ரீயைக் குடியும்.

லண்டன் தம்பி ஏதோ முணுமுணுக்கிறீர். என்ன, எங்கடை சனத்துக்குத் துடுப்புப் பிடிக்கிற கை இல்லையோ, சதாசிவம் இருக்கேல்லையோ எண்டோ? நல்ல கேள்வி. மகாதேவன் சதாசிவம் 1947 இலை சென்னை சேப்பாக்கத்திலை 215 அடிச்ச மனிசன். உலகத்திலையே திறமான துடுப்பாட்டக்காரர் அவர்தான் எண்டு மேற்கிந்தியத் தீவுகளின்ரை சோபர்ஸே சொன்னதாக் கதை. ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது கொழும்பு, படிச்சது வெஸ்லி கல்லூரி, விளையாடினது தமிழ் யூனியன் கழகம். புல் பிச் இருந்தது. பின்னேரம் வந்தால் பந்து போட ஆக்கள் இருந்தினம். எங்கடை பெடியள் மற்றிங் விரிச்சு விளையாடிப் பழகினதுகள்.

சென்றல் பொடியன் வியாஸ்காந்தைப் பாருங்கோ. 2020 மார்கழியிலை லங்கா பிரீமியர் லீக்கிலை யாழ்ப்பாண ரீமுக்கு இறங்கி, அஞ்சலோ மத்தியூஸைத் தன்ரை முதல் விக்கெற்றா எடுத்தவன். 2023 இலை ஆசிய விளையாட்டுப் போட்டியிலை நாட்டுக்கு விளையாடினவன். 2024 மே 8, ஹைதராபாத் ரீமிலை ஐ.பி.எல். நாலு ஓவர், 27 ஓட்டம். அண்டைக்கு இந்த ஊரிலை அவனுக்குச் சொந்தக்காரர் இல்லாத வீடு இல்லை. அந்த மட்சிலையே ஹைதராபாத் ஓப்பனர் ரெண்டு பேரும் 166 ஓட்ட இலக்கை 9.4 ஓவரிலை விக்கெற் போகாமல் அடிச்சு முடிச்சினம். உங்களுக்கு அப்பிடி ரெண்டு பேர் வேணும், விளங்குது.

ஆனால் ஏன் யாழ்ப்பாணத்திலையிருந்து பந்து சுழட்டிறவன் வந்தான், ஓப்பனர் வரேல்லை? சுழட்டிறவனுக்கு ஒரு பந்தும் ஒரு சுவரும் காணும். ஆரும் வராட்டிலும் தனிய நிண்டு நாள் முழுக்கச் சுழட்டலாம். துடுப்புப் பிடிக்கிறவன் தனிய நிண்டு என்ன செய்யிறது? அவனுக்கு முன்னாலை நிண்டு ஒருத்தன் வேகமாப் பந்து போடவேணும். களைச்சுப்போனால் இன்னொருத்தன் போடவேணும். இடக்கையாலை போட ஒருத்தன், உள்ளுக்குத் திருப்ப ஒருத்தன், அடிச்ச பந்தைப் பொறுக்க ரெண்டு பேர். ஓப்பனரை உண்டாக்கிறது கோச்சு இல்லை, அவனுக்குப் பின்னேரங்களிலை பந்து போடுற கூட்டாளிமார்.

அந்தக் கூட்டாளிமார் எங்கை?

நான் நண்டுப் பெட்டியைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு பின்னேரம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தடியாலை போறனான். மார்கழியிலை ஒருநாள் நிண்டு பாத்தன். வலைக்குள்ளை உங்கடை ஓப்பனர். பந்து போட மூண்டு பேர், கோச்சோடை சேர்த்து. பந்து நூல் பிரிஞ்சு பஞ்சாக் கிடக்கு. நாலரை மணி. போட்டுக்கொண்டிருந்தவன் ஒருத்தன் ஓடிவந்து பாதியிலை நிண்டு மணிக்கூட்டைப் பாத்தான். பந்தைக் கோச்சின்ரை கையிலை குடுத்தான், சப்பாத்தைக் கழட்டிச் செருப்பைக் கொழுவினான், பையைத் திறந்தான். கிறிக்கெற் பையெண்டு பாத்தால் உள்ளுக்குப் பௌதிகவியல் ரியூட். சைக்கிளிலை ஏறிப் பறந்திட்டான். மற்றவனுக்கு அஞ்சு மணிக்கு இரசாயனம். அஞ்சே காலுக்குக் கோச்சும் ஓப்பனரும்தான் மிச்சம். கோச்சுக்கு வயசு நாப்பத்தெட்டு, தோள் நோ. கிட்ட நிண்டு கையாலை எறிஞ்சுகொண்டிருந்தான். அப்பிடி எறிஞ்சு வளர்த்த ஓப்பனரைத்தான், புதுப் பந்தோடை இருபது அடி ஓடிவாறவனுக்கு முன்னாலை நீங்கள் நிப்பாட்டினியள்.

நாலரைக்குப் பறந்தவன் ஆர் எண்டு கேளுங்கோ. வேண்டாம், கேக்காதேங்கோ. வங்கித் தம்பி, உம்மடை மோன் சுகமோ? இந்தமுறை ஏ.எல். எல்லே? நல்ல வேகமாப் போடுறவன், ரெண்டு வருசத்துக்கு முதல் பாத்தனான். படிப்புக் கெட்டுப்போகும் எண்டு நீர்தான் ரீமிலையிருந்து நிப்பாட்டினதாக் கேள்வி. சரியான வேலை. எஞ்சினியராகட்டும். நான் குறை சொல்ல மாட்டன், என்ரை பேரனையும் அப்பிடித்தான் அனுப்பினது, அவன் இப்ப ரெக்சாஸிலை குவாட்டர்பக்கைப் பேசிக்கொண்டிருக்கிறான். உம்மடை பிள்ளை ரியூசனிலை பத்திரமா இருக்கட்டும். ஆற்றையோ பெத்த பிள்ளை போய்ப் புதுப்பந்தைப் பிடிக்கட்டும். அது பிடிக்காட்டில் நீர் கூடாரத்திலையிருந்து பேசும். வேலை பிரிச்சுச் செய்யிறது நல்ல முறைதான்.

கோவியாதேங்கோ. இது யோகர் சுவாமியார் இருந்த ஊர். அவரட்டை வந்த பெரிய பெரிய மனிசரையே பேசிக் கலைச்சிருக்கிறார் எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம். அவரட்டைப் பேச்சு வாங்கினவை அதைப் பிரசாதமெண்டு கொண்டு போனவை. நான் பேசினால் நீங்கள் வட்ஸ்அப்பிலை போடுவியள். காலம் அப்பிடி.

சரி, புத்தி கேட்டு வந்தியள், வெறுங்கையோடை அனுப்பப்படாது. லண்டன் தம்பி, வாற வருசம் மார்ச்சிலை வராதேயும். பருவம் துவங்கேக்கை, ஐப்பசியிலை வாரும். பிளேன் ரிக்கெற்றும் மலிவாயிருக்கும். மூண்டு கிழமை நிண்டு, பின்னேரம் நாலரைக்குப் பிறகு வலைக்குள்ளை பந்து போடும். என்ன? தோள்மூட்டு ஏலாதோ? டாக்குத்தர் கையைத் தூக்கவேண்டாம் எண்டவரோ? காலமை பாண்டுக்கு ஆடேக்கை ரெண்டு கையும் மேலைதானே நிண்டது. ஓ, அது வேறை நோ. சரி, பந்தாவது வாங்கிக் குடும். ஒரு பெட்டி நல்ல தோல் பந்து. பதாகை வேண்டாம். போன வருசம் உங்கடை ஆக்கள் அடிச்ச பதாகையிலை அனுசரணை வழங்கினவையின்ரை படம் ஆளளவு பெரிசு, விளையாடுற பெடியளின்ரை படம் முத்திரையளவு. ஓப்பனரின்ரை முகத்துக்கு மேலை கம்பு வேறை.

மற்ற ரெண்டு தம்பியவைக்கும் பெரிய வேலை தர மாட்டன். நாளையிண்டைக்கு அவன் இறங்கேக்கை ஒரு பத்து ஓவருக்கு வாயைப் பொத்திக்கொண்டிருங்கோ. ஏலாட்டில் கச்சான் வாங்கி வாய்க்குள்ளை போடுங்கோ, கோட்டையடியிலை விக்கிறாங்கள்.

இனிக் கோச்சிட்டை ஒரு சொல்லுச் சொல்லுறது. அதுக்கு நான் போகத் தேவையில்லை. நீங்கள் படலை திறக்க ஒரு அரை மணித்தியாலம் முதல் அவனே எடுத்தவன். பின்னேரம் முழுக்க ஆக்கள் எடுத்து எடுத்து அவன்ரை ரெலிபோன் சூடாப் போச்சுதாம். அதிலை ஒரு ஆள் மட்டும் ஏழு தரமாம். மற்றப் பொடியனை இறக்கு, அவன்தான் திறம், அவன்ரை கையும் கண்ணும் வேறை எண்டு. ஆர் அந்த ஏழு தரம் எண்டு கேட்டன். பேர் சொன்னான். வங்கித் தம்பி, அந்த வெளியிலை இருக்கிற பொடியன் உம்மடை தமையன்ரை மோன் எண்டு நீர் இவ்வளவு நேரமும் ஒரு வாய் சொல்லேல்லை. அடக்கமான மனிசன்.

சந்தோசமான செய்திதான், பயப்பிடாதேயும். உம்மடை கரைச்சல் தாங்க ஏலாமல் கோச்சு சம்மதிச்சிட்டான். பழைய ஓப்பனர் இறங்கத்தான் போறான், அவனைத் தூக்க மாட்டானாம். மற்ற முனையிலை நிண்டவனைக் கீழை இறக்கிப்போட்டு, உம்மடை பெறாமகனை அனுப்பிறானாம். முதல் பந்து அவனுக்காம். போடப்போறது அந்த நெட்டைப் பொடியன், இண்டைக்கு அஞ்சு விக்கெற் எடுத்தவன்.

ஏன் எழும்பிறீர்? இரும், ரீ குடிச்சு முடியேல்லை. ஆருக்கு ரெலிபோன் எடுக்கிறீர், கோச்சுக்கோ? எட்டாந் தரமோ? என்ன சொல்லப் போறீர்? பொடியன் சின்னவனோ? புதுப்பந்து கடுமையோ? ஒரு வருசம் பொறுத்து இறக்கலாமோ? சத்தமாச் சொல்லும் தம்பி, லண்டன் தம்பிக்கும் கேக்கட்டும்.